அவருக்குப் பிறகு என்ன ஆச்சு, டீச்சர்?

வாசகர் கேள்வி – பதில்

சுல்தான் சலாஹுத்தீன் 1187-இல் சிலுவைப் படையை வென்ற ஹத்தீன் போரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குடும்பத்தைச் சுற்றியே கேட்டிருந்தீர்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டுப் பகுதி முழுவதையும் சலாஹுத்தீனின் குடும்பமான அய்யூபிகளுக்கே கொடுத்துவிட்டேன்.

எனக்கும் இதில் ஒரு பழைய பாக்கி உண்டு. 1994-இல் ஒன்பதாம் வகுப்பில் சிலுவைப் போர்ப் பாடம் நடத்தினேன். சலாஹுத்தீன் 1193-இல் இறந்தார் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “அவருக்குப் பிறகு என்ன ஆச்சு, டீச்சர்?” “அவர் பிள்ளைகள் ஆண்டார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது தவறான பதில். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குடும்பத்தைத் தேடித் தேடிப் படித்ததற்கு அந்தப் பையன்தான் காரணம்.

ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைப் படையினரை அரபு வரலாற்றாசிரியர்கள் ‘இஃப்ரஞ்ச்’ என்று எழுதினார்கள். நம் ஊர்ப் பரங்கிப்பேட்டையிலும் பரங்கிமலையிலும் இருப்பது அதே சொல்தான். ஆகவே இங்கே அவர்களைப் பரங்கியர் என்றே எழுதுகிறேன்.

சலாஹுத்தீனை ஒரு புத்தகம் அரபியர் என்கிறது, இன்னொன்று துருக்கியர் என்கிறது. எது சரி?
(நெய்வேலி வாசகர்)

இரண்டும் இல்லை. அவர் குர்து. ஆர்மேனியாவில் துவின் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய குடும்பம். ஹத்பானி என்ற குர்து இனக்குழுவில் ரவாதியா என்ற கிளை. தாத்தா பெயர் ஷாதி. பாக்தாதில் செல்ஜுக் துருக்கியரிடம் பெரிய பதவியில் இருந்த பிஹ்ரூஸ் என்பவர் இந்தத் தாத்தாவுக்கு நெருங்கிய சிநேகிதர். அந்தச் சிநேகத்தில் கிடைத்ததுதான் டைகிரிஸ் நதிக்கரையில் இருந்த திக்ரித் கோட்டையின் பொறுப்பு. தாத்தாவுக்குப் பிறகு மூத்த மகன் அய்யூப் அதை ஏற்றார். தம்பி ஷிர்கூஹ் கூடவே இருந்தார்.

1132-இல் ஜெங்கி என்ற துருக்கியத் தளபதி தோற்று ஓடிவந்து அந்த ஆற்றங்கரையில் நின்றார். பின்னால் எதிரிப் படை துரத்தி வருகிறது. அய்யூப் அவரை ஆற்றைக் கடத்தி அக்கரை சேர்த்தார். மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. சில வருடம் கழித்து ஷிர்கூஹ் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட, ‘கோட்டையை விட்டு வெளியேறுங்கள்’ என்று உத்தரவு வந்தது. அவர்கள் மூட்டை கட்டிய இரவில்தான் அய்யூபுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வருடம் 1137 அல்லது 1138. அந்தக் குழந்தைதான் சலாஹுத்தீன்.

போக இடமில்லாத குடும்பம் நேராக ஜெங்கியிடம் போயிற்று. அவர் மறக்கவில்லை. 1139-இல் பால்பெக் நகரத்தையே அய்யூபின் பொறுப்பில் விட்டார். ஜெங்கியும் அவர் மகன் நூருத்தீனும் துருக்கியர். அவர்களிடம் வேலை பார்த்ததாலும், படையில் துருக்கியர் நிறையப் பேர் இருந்ததாலும் சலாஹுத்தீனையும் சிலர் துருக்கியர் என்று எழுதிவிட்டார்கள். எழுத்துக்கும் மார்க்கத்துக்கும் அரபு மொழி என்பதால் வேறு சிலர் அரபியர் ஆக்கிவிட்டார்கள்.

‘சலாஹுத்தீன் அய்யூபி’ என்பதில் எது பெயர், எது பட்டம்?
(காயல்பட்டினம் வாசகி)

சலாஹுத்தீன் என்பது பட்டம். மார்க்கத்தின் நேர்மை என்று பொருள் கொள்ளலாம். வீட்டில் வைத்த பெயர் யூசுஃப். அய்யூப் அப்பாவின் பெயர். அதுவே வம்சத்தின் பெயராயிற்று. கெய்ரோ கோட்டைக்குள் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. மாடுகள் பாதி ஆழம்வரை சரிவுப்பாதையில் இறங்கிச் சக்கரம் சுற்றி நீர் இறைத்தன. ‘யூசுஃப் கிணறு’ என்று பெயர். அந்த யூசுஃப் இவர்தான்.

எகிப்தை ஆண்டது ஷியா கலீஃபா. அவருக்குச் சுன்னியான சலாஹுத்தீன் எப்படி அமைச்சராக முடிந்தது?
(கோவை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபாத்திமியக் கலீஃபா அல் ஆதித் அப்போது இளம் வயதுப் பையன். உண்மையான அதிகாரம் அமைச்சர் பதவியில் இருந்தது. ஷாவர், திர்காம் என்ற இருவர் அதற்காக அடித்துக்கொண்டார்கள். ஷாவர் டமாஸ்கஸுக்கு ஓடிவந்து நூருத்தீனிடம் உதவி கேட்டார். நூருத்தீன் ஷிர்கூஹை அனுப்பினார். ஷிர்கூஹுக்குக் குள்ளமான, பருத்த உடம்பு, ஒரு கண்ணில் புரை, சட்டென்று வரும் கோபம். ஆனால் படைவீரர்கள் அவருக்காக உயிரை விடுவார்கள். 1164, 1167, 1169 என்று மூன்று முறை எகிப்துக்குப் படை போயிற்று. இரண்டாம் முறை அலெக்சாந்திரியா முற்றுகைக்குள் மாட்டிப் பட்டினி கிடந்த சலாஹுத்தீன், மூன்றாம் முறை போகவே மறுத்தார். எகிப்து ராஜ்யத்தையே கொடுத்தாலும் வேண்டாம் என்றாராம். சித்தப்பா விடவில்லை.

1169 ஜனவரியில் ஷாவர் கொல்லப்பட்டார். ஷிர்கூஹ் அமைச்சரானார். இரண்டே மாதத்தில், மார்ச் 23 அன்று, வயிறு முட்டச் சாப்பிட்ட ஒரு விருந்துக்குப் பிறகு இறந்துபோனார். அடுத்தது யார்? கலீஃபாவின் ஆட்கள் சலாஹுத்தீனைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது முப்பதை ஒட்டித்தான், தனக்கென்று பெரிய படை கிடையாது, சொன்னபடி கேட்பார் என்று நினைத்தார்கள்.

சிரியாவிலிருந்து வந்த மூத்த தளபதிகளுக்கு இது கசந்தது. அப்போது ஈசா அல் ஹக்காரி என்ற குர்து மார்க்க அறிஞர் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பேசினார். இதை வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு தளபதி சலாஹுத்தீனின் தாய்மாமன். அவரிடம், ‘உங்கள் சகோதரி மகனுக்கு வந்த வாழ்வு உங்களுக்கு வந்த வாழ்வு அல்லவா?’ என்று பேசினார். இன்னொருவர் குர்து. அவரிடம், ‘நீங்களும் அவரும் ஓரினம், இதைத் துருக்கியர் கைக்குப் போகவிடாதீர்கள்’ என்றார். ஒரே ஒரு துருக்கியத் தளபதி மட்டும் இணங்காமல் சிரியாவுக்குத் திரும்பிப் போனார். சம்பந்தமும் சொந்தமும் பேசித்தான் இந்த வம்சம் எழுந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

1171 செப்டம்பரில் கெய்ரோப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஃபாத்திமியர் பெயர் நின்று பாக்தாத் கலீஃபாவின் பெயர் ஒலித்தது. அரண்மனையில் அல் ஆதித் சாகக் கிடந்தார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று சலாஹுத்தீன் தடுத்துவிட்டார். பிழைத்தால் தானே தெரிந்துகொள்வார், இல்லையென்றால் கடைசி நேரத்தில் ஏன் நோகடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சில நாளில் கலீஃபா இறந்தார். சுமார் 200 ஆண்டுகளாக எகிப்தில் இருந்த அந்த ஆட்சி அத்தோடு முடிந்தது.

இதே காலத்தில் நூருத்தீனுக்கும் சலாஹுத்தீனுக்கும் மனக்கசப்பு முற்றியது. நூருத்தீன் படையோடு எகிப்துக்கு வரப்போகிறார் என்று செய்தி. கெய்ரோவில் குடும்பம் கூடியது. சலாஹுத்தீனின் அண்ணன் மகன் தகியுத்தீன் எழுந்து, ‘வந்தால் சண்டை போடுவோம்’ என்றார். தந்தை அய்யூப் அவரை அதட்டி உட்காரவைத்தார். ‘நான் உன்னைப் பெற்றவன். நூருத்தீனைப் பார்த்தால் நானே குதிரையை விட்டு இறங்கி மண்ணை முத்தமிடுவேன். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொள். பணிந்து கடிதம் எழுது’ என்று எல்லார் முன்னாலும் மகனைக் கடிந்தார். கூட்டம் கலைந்த பிறகு மகனைத் தனியே அழைத்தார். ‘எல்லார் காதிலும் விழ எதிர்ப்பைப் பேசலாமா? அவருக்கு இது எட்டினால் மற்ற வேலையை விட்டுவிட்டு உன்மேல்தான் முதலில் பாய்வார். ஆனால் ஒன்று: எகிப்திலிருந்து ஒரே ஒரு கரும்பை அவர் கேட்டாலும் சாகும்வரை நானே எதிர்த்து நிற்பேன்’ என்றார்.

நான் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அய்யூபைப் பிடித்துப்போகும். 1173-இல் அவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த வருடம் மே மாதம் நூருத்தீனும் இறந்தார். சண்டை வராமலே போயிற்று.

1187-இல் ஜெருசலேமைப் பிடித்தபோது சலாஹுத்தீன் எல்லாக் கிறிஸ்தவர்களையும் சும்மா விட்டுவிட்டார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?
(திருச்சி வாசகர்)

முழுக்க உண்மையில்லை. பாதியை மறைத்து ஒருவரைப் புகழ்வது அவருக்கும் நியாயம் இல்லை.

அக்டோபர் 2 அன்று நகரம் சரணடைந்தது. மீட்புத்தொகை பேசி முடித்தார்கள்: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ, ஏடுகள் மாறுபடுகின்றன. கெடு 40 நாள். கட்ட முடியாத ஏழைகளில் 7,000 பேருக்காக 30,000 தினார் மொத்தமாகக் கட்டப்பட்டது. தம்பி அல் ஆதில் தன் பங்காக 1,000 பேரைக் கேட்டு வாங்கி, அங்கேயே விடுதலை செய்தார். சலாஹுத்தீன் முதியவர்களை இலவசமாக வெளியே விட்டார். ஜெருசலேமின் பெரிய பாதிரியார் தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு தனக்கு 10 தினார் மட்டும் கட்டிப் போனபோது, சுல்தானின் செயலாளர் இமாதுத்தீன் தடுக்கச் சொன்னார். கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று சுல்தான் மறுத்துவிட்டார்.

ஆனாலும் பணம் கட்ட முடியாத சுமார் 15,000 பேர் அடிமைகளாகப் போனார்கள். அந்த எண்ணிக்கையை எழுதியதும் அதே இமாதுத்தீன்தான். மூன்று மாதம் முன்பு ஹத்தீனில் பிடிபட்ட கோயில் வீரர் (டெம்ப்ளர்), மருத்துவ வீரர் (ஹாஸ்பிடலர்) என்ற பரங்கியத் துறவி வீரர் சபையினரில் 200-க்கு மேற்பட்டோர் வெட்டப்பட்டார்கள். 1099-இல் பரங்கியர் இதே நகரத்தில் நுழைந்தபோது நடந்த படுகொலையோடு வைத்துப் பார்த்தால் 1187 எவ்வளவோ மேல். என் மதிப்பீடு அதுதான். அந்த 15,000 பேரையும் சொல்லிவிட்டே இதைச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் இறந்ததும் ராஜ்யம் ஏன் சிதறியது? தெளிவான வாரிசு இல்லையா?
(மதுரை, மேலப்பாளையம், கும்பகோணம் என மூன்று கடிதங்கள்)

வாரிசு இல்லாத குறை இல்லை. 17 ஆண் மக்கள்!

1193 மார்ச் 4 அன்று டமாஸ்கஸில் அவர் இறந்தபோது கருவூலத்தில் இருந்தது 47 வெள்ளி திர்ஹமும் ஒரு பொற்காசும். கூடவே இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் இதைப் பதிந்திருக்கிறார். அடக்கச் செலவுக்கே கடன் வாங்கினார்கள்.

பணம்தான் இல்லை, நாடு இருந்தது. அது ஒருவர் பெயரில் இருந்த சொத்தும் அல்ல. எகிப்து மகன் அல் அஸீஸுக்கு. டமாஸ்கஸ் மூத்த மகன் அல் அஃப்தலுக்கு. அலெப்போ இன்னொரு மகன் ஸாஹிர் காஸிக்கு. கெராக் கோட்டையும் கிழக்குப் பகுதியும் தம்பி அல் ஆதிலிடம். ஹமா அண்ணன் மகன் தகியுத்தீன் வழியில். ஹிம்ஸ் சித்தப்பா ஷிர்கூஹின் பேரனிடம். ஏமன் இன்னொரு தம்பி கையில். கரும்பலகையில் இதை வரைந்தால் இடம் பற்றாது.

என் அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். தாத்தா காலமான பிறகு நஞ்சையைப் பாகம் பிரிக்க நான்கு வருடம் ஆயிற்று. வரப்பில் நின்று அண்ணனும் தம்பியும் பேசாமல் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் அய்யூபிகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றிய சொல் ‘பங்காளி’. ‘பேரரசு’ என்று எழுதும் புத்தகங்கள் இந்த இடத்தில் நம்மைத் தடுமாறவைக்கின்றன. இது பங்காளிகள் சேர்ந்து வைத்திருந்த கூட்டுச் சொத்து. மூத்தவர் ஒருவரை எல்லாரும் ஒப்புக்கொண்டால் நிற்கும். இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

அல் அஃப்தலுக்கு 23 வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அப்பாவின் பழைய ஆட்களை ஒதுக்கினார். அவர்கள் கெய்ரோவுக்குத் தம்பியிடம் போனார்கள். அண்ணன் தம்பி சண்டை ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் சமாதானம் பேச வந்தவர் சித்தப்பா அல் ஆதில். அண்ணன் போர்க்களத்தில் இருந்தபோது வருடக்கணக்காக எகிப்தைக் கவனித்தவர் அவர். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டோடு பேச்சுவார்த்தை நடத்தியதும் அவர்தான். ரிச்சர்டின் சகோதரியை அவருக்கே மணமுடிக்கலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. 1196-இல் அல் அஃப்தலிடமிருந்து டமாஸ்கஸ் பறிபோய் அல் ஆதில் கைக்கு வந்தது. 1198-இல் அல் அஸீஸ் வேட்டையில் அடிபட்டு இறந்தார். அவர் மகன் சிறு பிள்ளை. 1200-இல் சித்தப்பா கெய்ரோவுக்கே வந்து அந்தப் பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தானே சுல்தான் ஆனார்.

பிறகு தன் மக்களுக்குப் பாகம் பிரித்தார். எகிப்து அல் காமிலுக்கு, டமாஸ்கஸ் அல் முஅஸ்ஸமுக்கு, கிழக்கு அல் அஷ்ரஃபுக்கு. சலாஹுத்தீனின் நேர் வழியில் மிஞ்சிய பெரிய பங்கு அலெப்போ மட்டும். ‘அவர் பிள்ளைகள் ஆண்டார்கள்’ என்று நான் சொன்னது ஏன் தவறு என்று இப்போது தெரிகிறதல்லவா? ஆண்டது தம்பி வீடு.

அல் ஆதிலைத் துரோகி என்று ஒரு கடிதம் சொல்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் 1200-க்குப் பிறகு இந்தக் குடும்பம் ஐம்பது வருடம் எகிப்தில் இருந்திருக்காது.

பிரமிடையே இடிக்கப் பார்த்த சுல்தான் இந்த வம்சத்தவரா?
(சேலம், எட்டாம் வகுப்பு மாணவர்)

ஆமாம் தம்பி. மேலே சொன்ன அல் அஸீஸ்தான். 1196-இல் கீஸாவின் மூன்று பெரிய பிரமிடுகளில் சின்னதான மென்கௌரேயின் பிரமிடை உடைக்க ஆட்களை இறக்கினார். எட்டு மாதம் வேலை நடந்தது. நாளுக்கு ஒரு கல், மிஞ்சினால் இரண்டு கல். பெயர்த்துத் தள்ளிய கல் மணலில் புதைய, அதை எடுத்து உடைப்பதற்கு இன்னொரு பாடு. விட்டுவிட்டார்கள். வடக்கு முகத்தில் அந்த வெட்டுக்காயம் இன்றும் தெரியும். இதை எழுதிவைத்தவர் அப்துல் லத்தீஃப் என்ற பாக்தாத் மருத்துவர். நைல் பெருகாமல் 1200 முதல் 1202 வரை எகிப்தைத் தாக்கிய பஞ்சத்தையும் அவர் நேரில் இருந்து எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் பெரியவனானதும் படி.

பெரியப்பா இரத்தம் சிந்திப் பெற்ற ஜெருசலேமை அல் காமில் சண்டையே இல்லாமல் கொடுத்துவிட்டாரே. இவரை எப்படி மன்னிப்பது?
(சென்னை வாசகர்)

உங்கள் கோபம் புதிதல்ல. 1229-இல் டமாஸ்கஸ் பள்ளிவாசலில் இதே வேதனையோடு பிரசங்கம் நடந்தது, மக்கள் அழுதார்கள். ஆனால் நான் இந்த மனிதர் பக்கம் நிற்பவள். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

1218-இல் பரங்கியர் நைல் முகத்துவாரத்தில் தமியாத் துறைமுகத்தை முற்றுகையிட்டார்கள். ஆகஸ்டில் தந்தை அல் ஆதில் இறந்தார். சொந்தத் தளபதி ஒருவரே சதி செய்ய, அல் காமில் இரவோடு இரவாக முகாமை விட்டு ஓட வேண்டியதாயிற்று. டமாஸ்கஸிலிருந்து தம்பி அல் முஅஸ்ஸம் படையோடு வந்துதான் அண்ணனைக் காப்பாற்றினார். அந்தத் தம்பி இன்னொரு காரியமும் செய்தார். பரங்கியர் பிடித்தாலும் வைத்துக்கொள்ள முடியாதபடி, 1219-இல் ஜெருசலேமின் மதில்களை இடித்துவிட்டார்.

தமியாத்தை விட்டுப் போனால் ஜெருசலேமைத் தருகிறேன் என்று அல் காமில் சொன்னார். போப்பாண்டவரின் பிரதிநிதி பெலாஜியஸ் மறுத்தார். அந்தப் போர்முனைக்கு நடுவில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் சுல்தானைப் பார்க்க வந்தார். சுல்தான் அவர் பேச்சைக் கேட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். நவம்பரில் பட்டினியால் பிணக்காடாகிக் கிடந்த தமியாத் விழுந்தது.

1221-இல் பரங்கியர் கெய்ரோவை நோக்கி நடந்தார்கள். ஆகஸ்டு மாதம், நைல் பெருகும் காலம். கிழக்கிலிருந்து அல் அஷ்ரஃபும் வர, மூன்று சகோதரர்களும் ஒன்றாக நின்றார்கள். மதகுகளைத் திறந்தார்கள். சேற்றில் மாட்டிக்கொண்ட படை சரணடைந்தது. பட்டினி கிடந்த அந்தப் படைக்கு அல் காமில் ரொட்டி அனுப்பினார். படையோடு இருந்த ஆலிவர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார். மூன்று வருடம் தன் நாட்டை முற்றுகையிட்டவர்களுக்குச் சோறு போட்ட மனிதரை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆபத்து நீங்கியதும் பங்காளிச் சண்டை திரும்பியது. அல் முஅஸ்ஸம், மங்கோலியரிடம் நாடிழந்த குவாரஸ்மிய மன்னர் ஜலாலுத்தீனோடு சேர்ந்துகொண்டார். அண்ணன் அஞ்சிப்போய்ச் சிசிலியில் இருந்த பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்குத் தூது அனுப்பினார்: வாருங்கள், ஜெருசலேமைத் தருகிறேன். ஆனால் 1227-இல் அல் முஅஸ்ஸம் இறந்துவிட்டார். 1228-இல் ஃபிரெடரிக் வந்து இறங்கியபோது அல் காமிலுக்கு அவர் தேவையே இல்லை. கொடுத்த வாக்கு மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் பேசினார்கள்.

1229 பிப்ரவரி 18 ஒப்பந்தப்படி மதில் இல்லாத ஜெருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் பத்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்துக்குப் போயின. அக்ஸா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் இருக்கும் வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. அங்கே தொழுகை தடைபடவில்லை. ஒரு வீரர்கூடச் சாகவில்லை. விருந்தினர் மனம் நோகக் கூடாதென்று காஜி ஒருநாள் இரவு பாங்கு சொல்லாமல் நிறுத்திவைத்தபோது, ‘அதைக் கேட்கத்தானே இங்கே தங்கினேன்’ என்று ஃபிரெடரிக் வருத்தப்பட்டதாக அரபு ஏடுகள் சொல்கின்றன.

இரண்டு பேரையும் அவரவர் ஆட்களே தூற்றினார்கள். எனக்கு அந்த ஒப்பந்தம், இந்தக் குடும்பம் செய்த காரியங்களில் ஹத்தீனைவிடப் பெரியது.

பிறகு எப்படித்தான் முடிந்தது? அடிமைகள் ஆட்சியைப் பிடித்தார்கள் என்று படித்திருக்கிறேன்.
(கோவை மாணவி, இரண்டாவது கேள்வி)

அல் காமில் 1238-இல் இறந்தார். மூத்த மகன் ஸாலிஹ் அய்யூப் கிழக்கில் இருந்தார். இளைய மகன் கெய்ரோவில் சுல்தான் ஆனார். எகிப்தை அடையப் புறப்பட்ட ஸாலிஹை நாப்லூஸில் அவருடைய படையே கைவிட்டது. சித்தப்பா ஒருவர் டமாஸ்கஸைப் பிடுங்கிக்கொண்டார். சித்தப்பா மகன் அவரைக் கெராக் கோட்டையில் சிறைவைத்தார். அந்த நேரத்தில் விலகாமல் நின்றவர்கள் அவர் விலை கொடுத்து வாங்கிய மம்லூக்குகள் மட்டுமே. மம்லூக் என்றால் வாங்கப்பட்டவர். பெரும்பாலும் கருங்கடலுக்கு வடக்கே கிப்சாக் துருக்கியர் பிள்ளைகள்.

1240-இல் அவர் கெய்ரோவில் சுல்தான் ஆனபோது ஒரு முடிவோடு வந்தார். இனி உறவுக்காரர் வேண்டாம். நைல் நடுவில் ரோதா தீவில் கோட்டை கட்டி மம்லூக்குகளைக் குவித்தார். 1169-இல் ஈசா அல் ஹக்காரி கூடாரம் கூடாரமாகச் சொந்தம் சொல்லிச் சேர்த்த குடும்பம், 70 வருடத்தில் சொந்தத்தைக் கண்டு பயப்படும் நிலைக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

1249-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி தமியாத்தில் இறங்கினார். நவம்பரில் ஸாலிஹ் இறந்தார். மனைவி ஷஜருத் துர் சாவை மறைத்துவைத்து, உத்தரவுகள் சுல்தான் பெயரிலேயே போகும்படி பார்த்துக்கொண்டார். மம்லூக்குகள் வென்றார்கள், லூயி சிறைப்பட்டார். டைகிரிஸ் கரை ஊரான ஹஸன்கேஃபிலிருந்து வந்த மகன் தூரான்ஷா அப்பாவின் மம்லூக்குகளை ஒதுக்கித் தன் ஆட்களை மேலே ஏற்றினார். 1250 மே 2 அன்று அவர்களே அவரைக் கொன்றார்கள். மரக்கோபுரத்தில் ஏறினார், தீ வைத்தார்கள், ஆற்றில் குதித்தார், அங்கேயே வெட்டினார்கள்.

ஷஜருத் துர் சுல்தானா ஆனார். சுமார் 80 நாள். அவர் பெயரில் நாணயம் அடிக்கப்பட்டது. அடிமைப் பெண்ணாக வந்தவர். அய்யூபி எகிப்து அத்தோடு முடிந்து மம்லூக் காலம் ஆரம்பமாகிறது.

இந்த வம்சத்தில் ஆண்ட பெண் அவர் ஒருவர்தானா?
(நாகர்கோவில் வாசகி)

அவருக்கு முன்பே அலெப்போவில் தைஃபா காத்தூன் இருந்தார். அல் ஆதிலின் மகள். தந்தை அலெப்போவை ஆண்டபோது கோட்டைக்குள் பிறந்தார். பிறந்த சமயம் வீட்டில் விருந்தாளி இருந்ததால் ‘விருந்தினள்’ என்று பொருள்படும் இந்தப் பெயர். 1212-இல் ஸாஹிர் காஸிக்கு மணமுடித்தார்கள். நம் வழக்கத்தில் சித்தப்பா மகள் தங்கை முறை; அங்கே அதுவே விரும்பிச் செய்யும் சம்பந்தம். முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வீடுகளை அந்தத் திருமணம்தான் இணைத்தது.

1236-இல் மகன் இறந்தபோது பேரனுக்கு ஏழு வயது. தைஃபா 1242-இல் தான் சாகும்வரை நாட்டை நடத்தினார். சகோதரர்களின் சண்டை எதற்குள்ளும் அலெப்போவை முழுக இழுத்துவிடவில்லை. அவர் கட்டிய ஃபிர்தவ்ஸ் மதரஸா இன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பேரன் யூசுஃப்; கொள்ளுத்தாத்தா பெயர். 1260-இல் மங்கோலியர் ஹுலாகு அலெப்போவைச் சூறையாடினார். பிடிபட்ட யூசுஃபை, ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் தோற்ற செய்தி வந்ததும் கொன்றார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(கீழக்கரை வாசகர்)

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது சந்தோஷம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹபு, அதாவது இமாம் ஷாஃபி வகுத்த மார்க்கச் சட்ட நெறி. அந்த இமாம் ஷாஃபியின் அடக்கம் கெய்ரோவில். பக்கத்தில் மதரஸா கட்டியவர் சலாஹுத்தீன். மேலே எழுந்து நிற்கும் பெரிய குவிமாடத்தை 1211-இல் எழுப்பியவர் அல் காமில். உச்சியில் உலோகத்தால் ஆன சின்னப் படகு ஒன்று இருக்கும்.

இன்னொன்று. தகியுத்தீன் வழியில் வந்த ஹமா மன்னர் அபுல் ஃபிதா, 1331-இல் இறந்தவர், பெரிய புவியியல் நூல் எழுதியவர். அதில் கொல்லமும் வருகிறது, ‘மஅபர்’ என்று நம் கிழக்குக் கடற்கரையும் வருகிறது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1260-க்குப் பிறகு ஒருவரும் மிஞ்சவில்லையா?
(மேலப்பாளையம் வாசகர்)

ஹமாவில் 1341 வரை இருந்தார்கள். அதைவிட நீண்ட கிளை ஒன்று உண்டு. தூரான்ஷா எகிப்துக்குக் கிளம்பியபோது தன் மகனை டைகிரிஸ் கரையில் ஹஸன்கேஃபிலேயே விட்டுவிட்டுப் போனார். இன்றைய துருக்கியின் தென்கிழக்கு. அந்தப் பிள்ளையின் வழி, மங்கோலியருக்கும் பிறகு வந்தவர்களுக்கும் பணிந்து, ஆனால் அழியாமல், பதினாறாம் நூற்றாண்டில் ஒட்டோமானியர் வரும்வரை அங்கேயே ஆண்டது. அய்யூப் ஒருவரைக் கரை சேர்த்த அதே ஆறு.

1409-இல் அவர்கள் அங்கே கட்டிய பள்ளிவாசலின் மினாரா கிட்டத்தட்ட 600 வருடம் ஆற்றோரம் நின்றது. இலிசு அணையின் நீர் 2020-இல் அந்த ஊரை மூடியது. அதற்கு முன்பே மினாராவைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துப் போய், மேட்டில் உருவான புது ஊரில் நிறுத்திவிட்டார்கள்.